மின் வேலைப் பயிற்சி: அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

எம்சிபியின் (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) டெர்மினல் ஒன்று, அதாவது வயரை ஸ்க்ரூவால் இறுக்கும் இடம், கருகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருகிய முனையை வெட்டி, வயரைப் புதிதாகச் சீவி, மறுபடி இறுக்கிவிட்டுப் போய்விடலாம். பத்து நிமிட வேலை. ஆனால் அதைக் கட்டிய பழகுநரின் கை நாளைக்கு இன்னொரு இடத்தில் இருபது டெர்மினல்களை இறுக்கப் போகிறது. அந்தக் கை எங்கே தவறாகப் பழகியது என்று பார்க்காமல் விட்டால், இருபத்தொன்றில் ஒன்றை மட்டும்தான் சரிசெய்திருக்கிறோம்.

பழகுநர்களை வைத்து வேலை கற்றுக்கொடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியையும் இரண்டு தடவை தேட வேண்டும். முதல் தடவை வயருக்குள். இரண்டாவது தடவை, அந்த வயரைக் கட்டியவர் கற்றுக்கொண்ட விதத்துக்குள். இரண்டாவது தேடலைத்தான் நாம் பெரும்பாலும் செய்வதில்லை.

தொடங்குமுன்: பிழை எந்தப் பக்கம் இருக்கிறது?

ஒரு சர்க்யூட் மட்டும் செத்துப்போனால் அந்த சர்க்யூட்டைப் பார்ப்போம். மூன்று சர்க்யூட் ஒரே நேரத்தில் செத்தால் மூன்று சுவிட்ச் பெட்டிகளைத் திறந்துகொண்டிருக்க மாட்டோம், மேலே மெயினுக்குப் போவோம். பயிற்சியிலும் அப்படியே.

ஒரே பழகுநர் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அது தவறாகப் பதிந்த பழக்கம். அந்த ஒரு செயலை மட்டும் பிரித்தெடுத்து மறுபடி கற்றுக்கொடுத்தால் போதும். ஒரே பழகுநர் நாளுக்கு ஒரு புதுப் பிழை செய்தால் கை பிரச்சினை இல்லை. களைப்பு, அவசரம், வீட்டுக் கவலை, அல்லது அவர் நிலைக்கு மீறிய வேலையைக் கொடுத்துவிட்டோம். அதே பாடத்தை மறுபடி நடத்துவதால் பயன் இருக்காது, வேலையின் அளவைக் குறைக்க வேண்டும். நான்கு பழகுநர்களிடமும் ஒரே பிழை தெரிந்தால் மெயினுக்குப் போங்கள். கற்றுக்கொடுத்தவர், கொடுத்த கருவி, வாங்கிய பொருள், ஒதுக்கிய நேரம் என்ற நான்கில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். வயரின் தோலை உரிக்கும் ஸ்ட்ரிப்பரின் பல் தேய்ந்துபோயிருந்தால் நால்வருமே செம்பைக் கீறத்தான் செய்வார்கள்.

அறிகுறி: "ஆஃப் செய்த" லைனில் ஷாக் அடித்தது, அல்லது நூலிழையில் தப்பியது

மற்ற அறிகுறிகள் காத்திருக்கும். இது காத்திருக்காது. அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.

வயருக்குள் இருக்கும் காரணங்கள் அதிகமில்லை. தவறான எம்சிபியை அணைத்திருப்பார்கள். வேறொருவர் வந்து போட்டிருப்பார். இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், சோலார் என்று இன்னொரு வழியாக சப்ளை வந்திருக்கும். அல்லது நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) இரவல் வாங்கப்பட்டிருக்கும், அதாவது ஒரு சர்க்யூட்டின் லோடு (கரண்ட் இழுக்கும் சாதனம்) இன்னொரு சர்க்யூட்டின் நியூட்ரல் வழியாகத் திரும்பும்.

கடைசியில் சொன்னது என் கண்முன் நடந்தது. பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு கட்டடம். இரண்டாம் ஆண்டுப் பழகுநர் ஒருவன் என்னிடம் வேலை செய்தான். "லைட் சர்க்யூட் ஆஃப், நீ போய் ஜங்ஷன் பாக்ஸைப் பிரி" என்று சொல்லி அனுப்பினேன். பாக்ஸுக்குள் நியூட்ரல் ஜாயின்ட்டைப் பிரித்தான். பிரிக்கும் வரைக்கும் அந்த நியூட்ரலில் வோல்டேஜ் எதுவும் இல்லை. பிரித்த நொடியில், பக்கத்து சர்க்யூட்டில் ஓடிக்கொண்டிருந்த லோடு வழியாக ஒரு முனை லைவ் ஆகிவிட்டது. ஏணியிலிருந்து விழுந்தான். மணிக்கட்டு எலும்பு முறிவோடு பிழைத்தான். அவனிடம் டெஸ்டர் இருந்தது. ஆனால் அவன் அதை எடுக்கவில்லை, ஏனென்றால் நான் "ஆஃப்" என்று சொல்லியிருந்தேன். என் வாய்வார்த்தை அவனுக்கு மீட்டர் ஆகிவிட்டது. அந்த நாளுக்குப் பிறகு "ஆஃப் பண்ணியாச்சு, போ" என்ற வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இதைத் திருத்தும் முறை ஒன்றுதான், சுருக்குவழி கிடையாது. வேலை செய்யப்போகிறவரே அணைக்க வேண்டும், அவரே பூட்டு போட்டு அட்டை மாட்ட வேண்டும், சாவி அவர் பையில்தான் இருக்க வேண்டும். பிறகு டெஸ்டரை லைவ் என்று தெரிந்த ஓர் இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் வேலை செய்யும் இடத்தில் சோதிக்க வேண்டும். சிங்கிள் ஃபேஸ் என்றால் லைன்-நியூட்ரல், லைன்-எர்த், நியூட்ரல்-எர்த் என மூன்று சோதனை. த்ரீ ஃபேஸ் என்றால் பத்து: ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் மூன்று, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் மூன்று, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் மூன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று. முடிந்ததும் டெஸ்டரை மறுபடி லைவ் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தால் இந்தக் கடைசிப் படியில்தான் அது தெரியும்.

ஆனால் இந்தச் சோதனைகள் மட்டும் இரவல் நியூட்ரலைக் காட்டிக்கொடுக்காது. எனவே எந்த நியூட்ரலைப் பிரிக்கும் முன்னும் கிளாம்ப் மீட்டரை (வயரை வெட்டாமல் சுற்றிப் பிடித்துக் கரண்ட் அளக்கும் மீட்டர்) அதைச் சுற்றி வைத்து கரண்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். பிரித்த பிறகு இரண்டு முனைகளையும் தொடும்முன் மறுபடி சோதியுங்கள். நியான் டெஸ்டரும், தொடாமலே பீப் அடிக்கும் பேனா டெஸ்டரும் "இங்கே சப்ளை இருக்கலாம்" என்று எச்சரிக்கும். "இல்லை" என்று உறுதி கொடுக்க அவற்றால் முடியாது.

கற்ற விதத்தில் தேடினால் காரணம் எப்போதும் இதுதான்: பழகுநர் கருவியை நம்பாமல் ஆளை நம்பப் பழகியிருக்கிறார். அதைக் கற்றுக்கொடுத்தது நாம்தான். நீங்கள் அணைத்த சர்க்யூட்டையும் அவர் சோதிக்க வேண்டும், அதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். "அண்ணே, நான் ஒரு தடவை பார்த்துக்கிறேன்" என்று பழகுநர் சொல்லும்போது முகம் சுளிக்கிற மேஸ்திரியிடம் யாரும் இரண்டாவது தடவை அதைச் சொல்ல மாட்டார்கள்.

அறிகுறி: டெர்மினல் சூடாகிறது, நிறம் மாறுகிறது, கருகிய வாடை வருகிறது

இறுக்கம் போதவில்லை என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்க்ரூ நன்றாக இறுகியிருந்தும் வயர் பிடிபடாமல் இருக்கலாம். கூண்டு மாதிரி மேலேறும் டெர்மினல்களில், வயர் கூண்டுக்குள் போகாமல் அதன் பின்பக்கம் நழுவிவிடும். ஸ்க்ரூ இறுகும், கைக்கு நல்ல பிடிமானம் தெரியும், ஆனால் வயர் சும்மா உரசிக்கொண்டு நிற்கும். சந்தேகம் வந்தால் சப்ளையை மேலே சொன்ன மாதிரி துண்டித்துவிட்டு வயரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள்.

இழுத்து வராவிட்டால் அடுத்து இவற்றைப் பாருங்கள். இன்சுலேஷன் டெர்மினலுக்குள் போய் மாட்டியிருக்கிறதா? பல இழை வயரில் சில இழைகள் வெளியே பிதுங்கியிருக்கின்றனவா? மெல்லிய வயரும் தடித்த வயரும் ஒரே ஓட்டையில் இருந்து, தடித்தது மட்டும் பிடிபட்டிருக்கிறதா? இழைகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து ஸ்க்ரூவுக்கடியில் வைத்திருக்கிறார்களா? இந்தக் கடைசிப் பழக்கம் சுத்தமான வேலைபோலத் தெரியும், பல பேர் பெருமையோடு செய்வார்கள். ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெதுவாக வழிந்து இடம் விடும், சில மாதங்களில் ஸ்க்ரூ தானாகவே தளர்ந்துவிடும். பல இழை வயருக்கு ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்) போட்டு, அதற்குரிய கிரிம்ப் கருவியால் அழுத்துவதுதான் சரி. அலுமினியமும் செம்பும் சேரும் இடமாக இருந்தால் இரண்டு உலோகத்துக்கும் ஏற்ற லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழகுநருக்கு "இறுக்கு, இறுக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரு கணக்கைக் காட்டினால் நன்றாகப் பதியும். சரியில்லாத ஒரு இணைப்பில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மல்டிமீட்டரில் அது கண்ணுக்கே தெரியாது. அதன் வழியே 16 ஆம்பியர் ஓடினால் 16 × 16 × 0.1, அதாவது 25.6 வாட் வெப்பம். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அவ்வளவுதான். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் சால்டரிங் அயர்னை ஆன் செய்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போவாயா என்று கேளுங்கள். 8 ஆம்பியர் ஓடினால் எவ்வளவு என்று அவரையே போடச் சொல்லுங்கள். பாதி வரும் என்று நினைத்திருப்பார், கால்வாசிதான் வரும். வேலை முடித்த அன்று லைட்டைப் போட்டுப் பார்த்து "எல்லாம் ஓகே" என்று கிளம்பிய இணைப்பு, ஆறு மாதம் கழித்து ஹீட்டர் போடும்போது ஏன் எரிகிறது என்பது அப்போது புரியும்.

இதை மேசையில் செய்தும் காட்டலாம். 12 வோல்ட் சப்ளை ஒன்று, 10 ஆம்பியர் இழுக்கும் லோடு ஒன்று, நடுவில் பழகுநர் கட்டிய ஐந்து டெர்மினல்கள். ஒவ்வொரு டெர்மினலுக்கும் குறுக்கே மில்லிவோல்ட் அளக்கச் சொல்லுங்கள். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் காட்டும். மோசமானதில் நூற்றுக்கணக்கில் போகும், விரலால் தொட்டாலே சூடு தெரியும். தன் கையால் கட்டியதைத் தானே அளந்து பார்த்த பழகுநருக்கு அதற்கப்புறம் அதிகம் சொல்ல வேண்டியிருக்காது.

டார்க் (torque) ஸ்க்ரூடிரைவர், அதாவது எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று அளக்கும் ஸ்க்ரூடிரைவர் வாங்கிக் கொடுங்கள். எம்சிபியின் பக்கவாட்டிலோ கூடவரும் தாளிலோ நியூட்டன் மீட்டரில் அளவு அச்சிட்டிருக்கும். "கைப்பழக்கத்தில் தெரியும்" என்று இருபது வருடமாக நானும் சொன்னவன்தான். ஒரு நாள் நான் கையால் இறுக்கியவற்றை அதே ஸ்க்ரூடிரைவரால் சோதித்தேன். காலையில் இறுக்கியதும் சாயங்காலம் இறுக்கியதும் ஒன்றாக இல்லை. மணிக்கட்டு களைத்துப்போனால் உணர்வும் மாறுகிறது. இதைப் பழகுநர் முன்னாலேயே செய்து பார்ப்பது நல்லது.

வயரைக் கத்தியால் சீவும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பியின் விட்டம் ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர்தான். அதில் கத்தி சுற்றிவர ஒரு கீறல் போட்டால், பெட்டிக்குள் வளைத்துத் திணிக்கும்போது சரியாக அந்த இடத்தில்தான் ஒடியும்.

அறிகுறி: புதிதாகச் செய்த வேலையில் ஆர்சிசிபி நிற்க மாட்டேன் என்கிறது

ஆர்சிசிபி என்பது போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமாக இல்லாவிட்டால் சப்ளையைத் துண்டிக்கும் சாதனம். அது எப்போது ட்ரிப் ஆகிறது, அதாவது தானாக விழுகிறது என்பதைக் கேட்டாலே பாதித் தேடல் முடிந்துவிடும்.

ஒரு குறிப்பிட்ட லைட்டையோ பிளக்கையோ போட்டதும் உடனே விழுந்தால், அந்த லோடின் நியூட்ரல் வேறொரு ஆர்சிசிபியின் நியூட்ரல் பாரில் போய்ச் சேர்ந்திருக்கிறது. போகும் கரண்ட் ஒரு வழி, திரும்பும் கரண்ட் இன்னொரு வழி. ஆர்சிசிபிக்கு அது கசிவாகத்தான் தெரியும். எம்சிபிக்கள் எல்லாம் அணைந்து கீழே இருக்கும்போதும் அவ்வப்போது விழுந்தால், நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. சாதாரண ஒற்றை முனை எம்சிபி லைனை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் இணைந்தேதான் இருக்கும். பழகுநர்கள் இங்கேதான் குழம்புவார்கள்: "எல்லாத்தையும் அணைச்சிட்டேன், அப்புறமும் விழுதே அண்ணே!" அப்போது மெயினைத் துண்டித்து, அந்த ஆர்சிசிபிக்குரிய நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் இடையே இன்சுலேஷன் சோதனை (வயரின் தோல் கரண்டைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்று பார்ப்பது) செய்ய வேண்டும். ஒன்று பூஜ்யத்துக்கு அருகில் காட்டும். பெரும்பாலும் பெட்டியின் ஸ்க்ரூ ஒன்று நியூட்ரல் வயரைத் துளைத்திருக்கும், அல்லது பெட்டிக்குள் வெற்று எர்த் வயர் நியூட்ரல் டெர்மினலில் சாய்ந்திருக்கும். ஈரமான நாளிலோ, குறிப்பிட்ட ஒரு சாதனத்தை எந்தப் பிளக்கில் சொருகினாலுமோ விழுந்தால் அது பழகுநர் வேலையாக இருக்க வேண்டியதில்லை, அந்தச் சாதனத்தைச் சோதியுங்கள்.

தேடி முடித்ததும் ஆர்சிசிபியையும் சோதிக்கச் சொல்லுங்கள். 30 மில்லிஆம்பியர் சாதாரண வகையென்றால் பாதி அளவான 15-இல் விழக் கூடாது, 30-இல் 300 மில்லிவினாடிக்குள் விழ வேண்டும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் போதும் என்று நினைக்கும் பழகுநர்கள் உண்டு. பட்டன் சாதனத்தின் இயந்திரப் பகுதி அசைகிறதா என்பதைத்தான் காட்டும். எர்த் சரியாக இருக்கிறதா, எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்பதைக் காட்டாது.

கற்ற விதத்தில் பார்த்தால், நியூட்ரலைக் கலக்கும் பழகுநருக்கு நியூட்ரல் என்றால் "எல்லாம் ஒன்றுதானே" என்ற எண்ணம் இருக்கும். "லைன் போட்டா போதும், நியூட்ரல் எங்க இருந்து வேணும்னாலும் எடுத்துக்கலாம்" என்று யாரோ ஒருவர் ஒருநாள் சொல்லியிருப்பார். இதைப் பேசித் தீர்க்க முடியாது. ஒரு பெரிய தாளில் இரண்டு ஆர்சிசிபிக்களையும் வரைந்து, ஒவ்வொரு லோடுக்கும் கரண்ட் போகும் வழியையும் திரும்பும் வழியையும் இரண்டு நிறப் பேனாவால் அவரையே கோடு போடச் சொல்லுங்கள். கோடு வந்த வழியே திரும்பவில்லை என்றால் ட்ரிப் ஆகும். அதோடு, பைப்பில் வயர் இழுக்கும் நாளிலேயே லைனுக்கும் அதன் நியூட்ரலுக்கும் ஒரே எண் போட்டு இரண்டு முனைகளிலும் ஒட்ட வேண்டும் என்பதை உங்கள் வேலைத் தரத்தில் சேருங்கள். இந்தப் பிழை பிறப்பதே, எண் போடாமல் இழுத்த பத்துக் கறுப்பு வயர்கள் டிபிக்குள் (எம்சிபிக்கள் இருக்கும் பகிர்மானப் பெட்டி) தொங்கும்போதுதான்.

அறிகுறி: சுவிட்சை அணைத்தாலும் எல்இடி மங்கலாக எரிகிறது

இரண்டு காரணங்களைப் பிரிக்க வேண்டும். ஒன்று ஆபத்தானது, இன்னொன்று தொந்தரவு மட்டும். பல்பைக் கழற்றிவிட்டு, சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது, உள்தடை குறைந்த லோ-இம்பீடன்ஸ் டெஸ்டரால் ஹோல்டருக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். முழு வோல்டேஜ் வந்தால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது. ஒன்றுமில்லை என்றால், பக்கத்து வயரிலிருந்து வரும் மின்தூண்டலோ சுவிட்சின் இண்டிகேட்டர் லைட்டோ எல்இடியை லேசாக ஒளிர வைக்கிறது. டிஜிட்டல் மல்டிமீட்டரை மட்டும் நம்பினால் இரண்டையும் குழப்பிக்கொள்வோம். அதன் உள்தடை பொதுவாக 10 மெகாஓம் இருப்பதால், எங்கும் இணையாத வயரிலும் அது பத்துக்கணக்கான வோல்ட் காட்டும்.

சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால் அந்த ஒரு பாயின்ட்டை மாற்றி முடித்துவிடாதீர்கள். அன்றைக்கு அதே பழகுநர் கட்டிய எல்லாப் பாயின்ட்டையும் பாருங்கள். மரை ஹோல்டர்களில் வெளி மரை நியூட்ரலாகவும் நடுப்புள்ளி லைனாகவும் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பல்பு மாற்றும் வீட்டுக்காரரின் விரல் படுவது அந்த மரையில்தான்.

அறிகுறி: சோதனைத் தாளில் எல்லா எண்ணும் அழகாக இருக்கிறது

நான் அதிகம் பயப்படுவது இந்த அறிகுறிக்குத்தான். கருகிய டெர்மினலை மூக்கே சொல்லிவிடும். அளக்காமல் எழுதிய எண் ஒன்றும் சொல்லாது.

எதைச் சந்தேகிக்க வேண்டும் என்பதில் கவனமாக இருங்கள். இன்சுலேஷன் தடைக்கான கட்டத்தில் எட்டு சர்க்யூட்டுக்கும் ஒரே எண் இருந்தால் அது நேர்மையானதாகவே இருக்கலாம். புது வயரில் மீட்டர் தன் உச்ச அளவைத் தொட்டுவிட்டு "இதற்கு மேல்" என்று காட்டும். எர்த் கன்டினியூட்டி (எர்த் வயர் அறுபடாமல் கடைசிவரை போகிறதா என்ற சோதனை) கட்டத்தில் எட்டு சர்க்யூட்டுக்கும் 0.3 ஓம் என்று இருந்தால் அது நடக்காது. வயரின் நீளம் சர்க்யூட்டுக்கு சர்க்யூட் மாறும், எண்ணும் மாறியே ஆக வேண்டும்.

சரிபார்க்கக் கணக்கு இருக்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் தடை மீட்டருக்கு 7.41 மில்லிஓம். 1.5 சதுர மில்லிமீட்டருக்கு 12.1 மில்லிஓம். டிபியிலிருந்து கடைசிப் பிளக் 25 மீட்டர் தூரம், லைனும் எர்த்தும் 2.5 என்றால் ஒரு வயர் 0.185 ஓம், இரண்டும் சேர்ந்து 0.37 ஓம். மீட்டர் 0.40 காட்டினால் சரி. 0.9 காட்டினால் வழியில் எங்கோ ஒரு மோசமான இணைப்பு இருக்கிறது. 0.1 காட்டினால் வேறு எதையோ அளந்திருக்கிறார், அல்லது அளக்கவே இல்லை. டெஸ்ட் லீடின் தடையைக் கழிக்க மறந்திருந்தால் எல்லா எண்ணும் ஒரே அளவு கூடியிருக்கும்.

இதற்கு நான் கண்ட தீர்வு, அளக்கும்முன் எதிர்பார்க்கும் எண்ணை எழுதச் சொல்வது. தாளில் ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேருங்கள்: "நான் எதிர்பார்ப்பது". தூரத்தை அடிவைத்துத் தோராயமாக எடுத்து, பெருக்கி, எழுதிவிட்டு, பிறகு மீட்டரை வைக்க வேண்டும். அப்போது அளவு என்பது ஒரு கேள்விக்கான விடையாக மாறுகிறது. வெறும் கட்டம் நிரப்பும் வேலையாக இருக்கும்வரை யாருக்கும் அளக்கத் தோன்றாது.

இன்னொரு காரணமும் உண்டு, அது நம் பக்கம். பழகுநர் ஒருநாள் உண்மையில் கெட்ட எண்ணைக் கொண்டுவந்திருப்பார். நாம் "மீட்டரை ஒழுங்கா வெச்சியா?" என்று சீறியிருப்போம், அல்லது "பரவால்ல, 0.4-னு போடு" என்று சொல்லியிருப்போம். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவர் நமக்குப் பிடித்த எண்களைத்தான் எழுதுவார். கெட்ட எண்ணோடு வந்த பழகுநரோடு நீங்களும் போய் நின்று தேடுங்கள்.

500 வோல்ட் டிசி-யில் இன்சுலேஷன் சோதனை செய்யும்போது குறைந்தது 1 மெகாஓம் வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஆனால் புது வேலையில் 2 மெகாஓம் வந்தால் "பாஸ்" என்று மூடிவிட வேண்டாம். புது வயர் அதைவிடப் பலமடங்கு காட்ட வேண்டும். இரண்டு என்பது எங்கோ ஈரமோ நசுங்கலோ இருக்கிறது என்ற செய்தி. டிம்மர், எல்இடி டிரைவர் போன்றவற்றைக் கழற்றிவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லுங்கள்.

அறிகுறி: எதைச் சொன்னாலும் "சரிண்ணே" என்கிறார், செய்யும்போது தவறு

"புரிந்ததா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும். அதற்குப் பதில், "முதலில் எதை அணைப்பாய்? அப்புறம்? எந்த வயரை எங்கே கொண்டுபோவாய்?" என்று கேட்டு அவர் வாயால் வேலையை நடத்திக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் எந்தப் படியில் தடுமாறுகிறார் என்று தெரிந்துவிடும்.

அப்படியும் திறக்கவில்லை என்றால் பயம்தான் காரணம். பயந்த பழகுநர் கீறிய வயரின் மேல் டேப் சுற்றிப் பெட்டியை மூடிவிடுவார். எங்கள் வேலையில் ஒரு விதி வைத்தோம்: மூடி போடும்முன் தன் பிழையைத் தானே சொன்னால் திட்டு கிடையாது, வேலை நேரத்திலேயே மறுபடி செய்யலாம். முதல் வாரத்திலேயே மூன்று கீறிய வயர்கள் வெளியே வந்தன. அதற்கு முந்தைய மாதங்களில் எத்தனை மூடிக்குள் போயிருக்கும் என்று நினைத்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய பெட்டிகளில் எங்களுக்கு நினைவிருந்தவற்றைத் திறந்து பார்த்தோம்.

அறிகுறி: நாம் நின்றால் நல்ல வேலை, நகர்ந்தால் மோசம்

தரம் உங்கள் கண்ணில் இருக்கிறது, தாளில் இல்லை என்று அர்த்தம். "சுத்தமா செய்" என்பது அளக்க முடியாத சொல். இப்படி எழுதுங்கள்: வெளித்தோல் பெட்டிக்குள் வந்த பிறகே உரிக்கப்பட்டிருக்க வேண்டும். டெர்மினலுக்கு வெளியே செம்பு தெரியக் கூடாது. இழுத்தால் அசையக் கூடாது. உலோகப் பெட்டியின் ஓட்டையில் குரோமெட் (வயரை விளிம்பு அறுக்காமல் காக்கும் ரப்பர் வளையம்) இருக்க வேண்டும். பிளக்கில் எர்த் வயர் மற்றதைவிடச் சற்று நீளமாக இருக்க வேண்டும், வயர் பிடுங்கப்பட்டால் கடைசியாக விடுபடுவது அதுவாக இருக்கும்படி. ஏற்றுக்கொள்ளும் இணைப்பு ஒன்றையும் திருப்பி அனுப்பும் இணைப்பு ஒன்றையும் ஒரு பலகையில் அருகருகே மாட்டிவையுங்கள்.

அப்புறம் மூன்று இடங்களில் வேலை கட்டாயம் நிற்க வேண்டும்: சுவர் பூசும்முன், மூடி போடும்முன், சப்ளை கொடுக்கும்முன். ஒவ்வொன்றிலும் பழகுநர் முதலில் தன் வேலையைத் தானே சோதித்துப் படம் எடுக்க வேண்டும், பிறகுதான் நீங்கள். டிபி கதவின் உட்புறத்தில் கட்டியவர், சரிபார்த்தவர் இருவரின் கையெழுத்தும் இருக்கட்டும். மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் கட்டியதை அதே தாளை வைத்து அவர் சரிபார்க்கட்டும். அவர் பிழை கண்டுபிடித்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும் தேதி நெருங்கும் நாளில் நீங்களே "இதை விடு, மூடு" என்று சொன்னால், அன்றிலிருந்து அதுதான் தரம். தாளில் என்ன எழுதியிருந்தாலும் அது எடுபடாது.

அறிகுறி: வயரிங் பிரமாதம், ஆனால் ஃபால்ட் கண்டுபிடிக்கத் தெரியவில்லை

மூன்றாம் ஆண்டில் தெரியவரும் குறை இது. புது வேலையையே செய்து பழகியவருக்கு, கெட்டுப்போன சர்க்யூட் எப்படி இருக்கும் என்று பார்க்கும் வாய்ப்பே கிடைத்திருக்காது. ஃபால்ட் வந்தால் அனுபவசாலி ஓடிப்போய் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார், பழகுநர் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அனுபவசாலியின் தலைக்குள் ஓடியது அவருக்குத் தெரிவதில்லை. தேடும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: "மூன்று ரூமில் ரெண்டில் லைட் பிரகாசமா இருக்கு, ஒண்ணில் மங்கலா இருக்கு. த்ரீ ஃபேஸ் கட்டடம். நியூட்ரல் போயிருக்கலாம். அதனால எதையும் தேடுறதுக்கு முன்னால மெயினை அணைக்கிறேன்."

பாதியாகப் பிரித்துத் தேடுவதைக் கையால் பழக்குங்கள். வரிசையாக எட்டுப் பெட்டிகள், கடைசியில் சப்ளை இல்லை. முதல் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்காமல் நடுவில் திற. அங்கே சப்ளை இருந்தால் பிழை பின்பாதியில், இல்லாவிட்டால் முன்பாதியில். மூன்று சோதனையில் முடியும். பதினாறு என்றால் நான்கு.

பயிற்சிக்கு ஒரு பலகை கட்டுங்கள். சாக்கெட் நான்கு, லைட் இரண்டு, சின்ன டிபி ஒன்று போதும். வாரத்துக்கு ஒரு பிழையை அதில் ஒளித்துவையுங்கள்: துண்டான நியூட்ரல், இடம் மாறிய லைனும் நியூட்ரலும், எர்த்தைத் தொடும் நியூட்ரல், தளர்ந்த ஜாயின்ட். பழகுநர் மீட்டரை எடுக்கும்முன் மூன்று வரி எழுத வேண்டும்: என்ன தெரிகிறது, என்ன காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன், எந்தச் சோதனை அதை உறுதிசெய்யும் அல்லது மறுக்கும். நினைத்தது தப்பாகப் போனால் அந்தத் தாளைக் கிழிக்க வேண்டாம், அடுத்த வாரம் அதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

இரண்டு மாதம் கழித்து அவர் வரிகள் குறுகி, நேராகக் காரணத்துக்குப் போகத் தொடங்கும். அப்போது அந்தப் பலகையை அவரிடமே ஒப்படையுங்கள். முதலாமாண்டுப் பழகுநருக்கு அடுத்த பிழையை அவர் ஒளித்துவைக்கட்டும். வைக்கும்முன், அந்தப் பிழை வெளியே என்ன அறிகுறியாகத் தெரியும் என்று ஒரு தாளில் எழுதி உங்களிடம் கொடுத்துவிட்டு வைக்கட்டும்.